குடித்தனக்காரர் நிற்கும் இடம்

வீடியோ கேமைக் காமிக்ஸ் ஆக்குவது என்றால் திரையில் தெரிவதைப் பார்த்துக் காப்பியடிக்கிற வேலைதானே என்று என் மைத்துனர் ஒருமுறை கேட்டார். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை. கேமில் எல்லாம் ஓட்டம். விளையாடுகிறவர் ஓடுவார், திரும்புவார், செத்துப்போவார், எழுந்து மறுபடி முதலிலிருந்து கிளம்புவார். காமிக்ஸில் அதை அப்படியே பிடித்துக் கட்டம் கட்டமாக நிறுத்த வேண்டும். நிறுத்தினால்தான் அதன் வண்டவாளம் தெரியும்.

எங்கள் வீட்டில் படம் என் மனைவி, எழுத்து நான். பலூன்களுக்குள் பேச்சை அடைப்பதும், ‘தடால்’, ‘கிரீச்’ என்று ஓசைகளைப் படத்தோடு சேர்த்து வரைவதும் என் பங்கு. வெளியிலிருந்து பார்த்தால் சின்ன வேலை. மனைவி வீட்டு உறவுக்காரர்கள் பார்த்தால் அதைவிடச் சின்ன வேலை.

இந்தத் தடவை வந்தது ஒரு பேய் கேம். ஒரு வீடு, அதற்குள் குடித்தனக்காரர் என்று ஒருவர். யாரும் கூப்பிடாமல் குடிவந்தவர். நல்ல உயரம், முகம் கிடையாது, ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பார். நாம் பார்த்துக்கொண்டே இருந்தால் அசையமாட்டார். கண்ணை எடுத்தால் முன்னே வருவார். கடைசி அறையில் ஒரு குழந்தை இருக்கிறது. அவர் அங்கே போய்ச் சேராமல் தடுப்பதுதான் ஆட்டம். அதில் யாருமே ஜெயிக்க முடியாது என்பதுதான் அந்த கேமுக்குப் பெருமை. அவர் எப்படியும் கட்டிலருகே போய்விடுவார், திரை இருண்டுவிடும், ஆட்டம் மறுபடி தொடங்கும். காமிக்ஸும் அவர் கட்டிலருகே போவதோடு முடிய வேண்டும் என்று கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது. காமிக்ஸில் மறுபடி தொடங்குவது என்பது கிடையாது.

சிக்கல் அந்த வீட்டில்தான் இருந்தது. கேமில் இருக்கும் அறைகள் ஒன்றோடொன்று ஒட்டாது. சமையலறையைத் தாண்டித் திரும்பினால் வருகிற குளியலறை, நியாயப்படி பார்த்தால், தெருவில் இருக்க வேண்டும். ஓடுகிற அவசரத்தில் விளையாடுகிறவருக்கு இது உறைக்காது. காமிக்ஸ் வாசகர் அப்படியில்லை. முந்தின பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, ஜன்னல் எப்படி இந்தப் பக்கம் வந்தது என்று கேட்பார். அதனால் என் மனைவிக்கு ஒழுங்கான ஒரு வீட்டின் வரைபடம் தேவைப்பட்டது. புதிதாக ஒரு வீட்டை யோசிக்க அவகாசமில்லை. நம் வீடு இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்கிறேன் என்றாள். நல்ல யோசனை என்று நானும் தலையாட்டினேன். இந்தத் தொழிலில் இருக்கிற யாராக இருந்தாலும் தலையாட்டியிருப்பார்கள்.

எங்கள் வீடு பெரிய மர்மம் ஒன்றுமில்லை. வாசலைத் திறந்தால் ஹால். அதிலிருந்து ஒரு நடை நேராக உள்ளே போகும். நடையின் இடப்பக்கம் சமையலறை, அடுத்துக் குளியலறை, பிறகு எங்கள் அறை. நடை முடிகிற இடத்தில் எங்கள் பெண்ணின் அறை. அவளுக்கு வாண்டு என்று பெயர் வைத்தது நான்தான். அந்தப் பெயருக்குக் குறை வைக்காமல் நடந்துகொள்வாள். இரண்டாம் வகுப்பு.

மனைவி பெரிய தாளில் வீட்டை வரைந்து, ஹாலை ஒட்டிய சின்ன அறையில் நாங்கள் வேலை செய்யும் மேஜையில் ஒட்டினாள். வாண்டுவின் பழைய கவுனிலிருந்து ஒரு சிவப்புப் பொத்தானைப் பிய்த்து அதன் மேல் வைத்தாள். அதுதான் குடித்தனக்காரர். ஒவ்வொரு கட்டம் வரையும்போதும் பொத்தான் கொஞ்சம் நகரும். கட்டத்தில் அவர் தெரியாவிட்டாலும் எங்கேயோ நின்றுகொண்டுதானே இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே வெள்ளையாக ஒரு சந்து விடுவோம். யாரும் அதைப் பார்ப்பதில்லை. அவர் நடப்பதெல்லாம் அந்தச் சந்தில்தான் என்றாள். நான் சிரித்தேன். எனக்கு அப்போது அது வேடிக்கையாக இருந்தது.

என் தலைவலி வேறு. அவர் காலடிக்கு எழுத்து வேண்டும். கேமில் இருந்த சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ‘டக்’ என்று எழுதினால் பியூன் வருகிற மாதிரி இருந்தது. கடைசியில் ‘தொப்... சர்ர்ர்’ என்று வைத்தேன். ஊன்றுவதற்கு ஒன்று, இழுப்பதற்கு ஒன்று. அதை எழுதி முடித்த அன்று மத்தியானம், வாண்டு பள்ளிக்கூடத்தில், மனைவி கடையில், சமையலறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஃப்ரிட்ஜாக இருக்கும் என்று நினைத்தேன். ஃப்ரிட்ஜுக்கு அந்த மாதிரி சத்தம் கிடையாது என்று எனக்கே தெரியும்.

பிறகு வாண்டு மாறினாள். வீடெல்லாம் ஓடுகிறவள் நடைக்கு வந்ததும் நின்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். படிக்கும்போது முதுகைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டாள். எங்கள் பக்கங்களை அவளிடம் காட்டியதில்லை. மேஜை இருக்கும் அறையைப் பூட்டித்தான் வைத்திருந்தோம். ஒருநாள் மனைவி தலை வாரிவிடும்போது, சாதாரணமாக, டீச்சர் மாறிவிட்டார் என்று சொல்வதுபோல வாண்டு சொன்னாள்:

“ஃப்ரிட்ஜ் பக்கத்துல நின்னாரே ஒரு மாமா, அவரு இப்ப பாத்ரூம்கிட்ட வந்துட்டாரும்மா.”

மனைவியின் கையிலிருந்த சீப்பு நின்றுவிட்டது. நான் போய்ப் பூட்டைத் திறந்தேன். பொத்தான் வரைபடத்தில் குளியலறைக் கதவருகே இருந்தது. முந்தின நாள்தான் மனைவி அதைச் சமையலறையிலிருந்து நகர்த்தியிருந்தாள்.

அதற்குப் பிறகு நாங்கள் சும்மா இருக்கவில்லை. எடிட்டரைக் கூப்பிட்டு முடிவை மாற்றலாமா என்று கெஞ்சினேன். கேமில் இல்லாதது காமிக்ஸில் வரக்கூடாது, கம்பெனி ஒப்புக்கொண்ட பக்கங்களில் ஒரு கோட்டைக்கூடத் திருத்தக்கூடாது என்றார். வாண்டுவை அவள் சித்தி வீட்டில் விட்டோம். அங்கே பொட்டுத் தூக்கமில்லாமல் உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தாள். நான் பார்க்காவிட்டால் அவர் சீக்கிரம் வந்துவிடுவார் என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறாள். இந்த விதியை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று எங்களுக்குத் தெரியவில்லை. திரும்பி வந்ததும் நடையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் முறைத்தாள். குற்றவாளிகளைப்போல நின்றோம்.

வரைவதை நிறுத்தினாள் மனைவி. அவரும் நின்றார். ஆனால் அதற்குள், வாண்டு இல்லாத நேரத்தில், எங்கள் அறை வாசல்வரை வந்துவிட்டிருந்தார். அதற்கு அடுத்தது வாண்டுவின் அறைதான். காலையில் பல் துலக்க அவள் அவரைத் தாண்டித்தான் வர வேண்டும். எதிர்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்து வருவாள். எங்கள் கண்ணுக்கு அங்கே ஒன்றும் இல்லை. வெறும் நடை, வெறும் டைல்ஸ். அவள் மட்டும், இல்லாத ஒருவர் மேல் பட்டுவிடாமல் வயிற்றை எக்கிக்கொண்டு வருவாள். பெற்றவர்கள் பார்க்கிற காட்சியா அது. மனைவி வாயில் துணியை வைத்து அழுதாள். எனக்கு அழக்கூட வரவில்லை, கம்பெனி மேலும், எடிட்டர் மேலும், அந்தப் பொத்தான் மேலும் கோபம் கோபமாக வந்தது.

ஒரு சாயங்காலம் மனைவி பழக்கதோஷத்தில் ஒன்று செய்தாள். வரைகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். படம் கோணலாக இருக்கிறதா என்று தெரிய, கம்ப்யூட்டரில் அதை இடம் வலமாகத் திருப்பிப் பார்ப்பார்கள். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. அவள் கடைசியாக வரைந்த பக்கத்தை அப்படித் திருப்பினாள். உள்ளேயிருந்து வாண்டு கூப்பிட்டாள்.

“அம்மா, அவரு போயிட்டாரு.”

நாங்கள் ஓடினோம். அவள் நடையின் நட்டநடுவில் நின்றுகொண்டு கைகளை விரித்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு எங்கள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மனைவி திரும்பிப் போய், முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் திருப்பினாள். திருத்தக்கூடாது என்றுதானே சொன்னார்கள், திருப்பக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்றாள். மீதிப் பக்கங்களையும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல் வரைந்து தள்ளினாள். வாண்டு பள்ளிக்கூடப் பையைக் கழற்றாமல் சோபாவில் விழுந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருப்பினால் என் வேலை நாசமாகும். எழுத்தெல்லாம் கண்ணாடி எழுத்தாகிவிடும். இடப்பக்கம் இருந்து முதலில் பேசியவர் வலப்பக்கம் போய்விடுவதால் பதில் முதலிலும் கேள்வி பிறகும் வரும். பலூன்களை எல்லாம் பிரித்து மறுபடி அடுக்கினேன். ‘தொப்... சர்ர்ர்’ ஒவ்வொன்றையும் அழித்துத் திரும்ப எழுதினேன். சந்தோஷமாகத்தான் செய்தேன், சீட்டிகூட அடித்தேன். ஒரு பக்கத்தில் சமையலறை வலப்பக்கம் இருப்பதைப் பார்த்தபோது, இந்த வீட்டுக்குள் போயிருக்கிறோமே என்று தோன்றியது.

எதிர் வீடு. எங்கள் கட்டடத்தில் எதிரெதிர் வீடுகள் அச்சாக இப்படித்தான் கட்டப்பட்டவை, ஒன்றுக்கு இடம் என்றால் மற்றதற்கு வலம். ஒருமுறை அங்கே பல்பு மாற்றப் போய், சுவிட்சைத் தப்பான சுவரில் தடவிக்கொண்டு நின்றிருக்கிறேன். அங்கே இருப்பது ஒரு நர்ஸ். கணவர் கப்பலில் வேலை, வருவது அபூர்வம். அவர்களுக்கு ஒரு கைக்குழந்தை, பெண், இப்போதுதான் உட்காரப் பழகியிருக்கிறது. தொட்டில் கடைசி அறையில்.

மனைவியிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

“நம்ம பொண்ணு தூங்குறா” என்றாள். “அதை மட்டும் பாருங்க.”

நான் அதை மட்டும் பார்க்க முயன்றேன். பக்கங்களை மறுநாள் மாலைக்குள் அனுப்ப வேண்டும், அனுப்பிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. அதுவரை கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டினால் எல்லாம் பழையபடி திரும்பிவிடும், எழுத்தை மட்டும் நான் மறுபடி எழுத வேண்டும். எழுதுவதற்கு நான் சோம்பேறி இல்லை. மறுநாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். வாண்டு நடையில் பந்து உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான்கு மணி வாக்கில் நர்ஸ் கதவைத் தட்டினாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். வேலைக்குக் கிளம்ப வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் வருவதற்குள் குளித்துத் தயாராகிவிட வேண்டும், அதுவரை குழந்தையை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். குழந்தை ராத்திரியெல்லாம் கண்ணை மூடவில்லையாம். அழவும் இல்லையாம். சுவரோரமாக எதையோ பார்த்துக்கொண்டே இருக்கிறதாம். வாங்கிக்கொண்டேன். போகிறவள் திரும்பி நின்றாள்.

“அண்ணா, உங்க வீட்ல ஏதாச்சும் சத்தம் கேக்குதா? யாரோ காலை இழுத்துட்டு நடக்குற மாதிரி.”

பைப்பாக இருக்கும், பழைய கட்டடம் என்றேன். அவள் நம்பினாள். என் பேச்சை எப்போதும் நம்புகிறவள்.

குழந்தை எங்கள் வீட்டுக்குள் வந்ததும் நடையைப் பார்த்தது. நன்றாகப் பார்த்தது. பிறகு பெரிதாகக் கொட்டாவி விட்டு, என் தோளில் கன்னத்தை வைத்து, வைத்த மாத்திரத்தில் தூங்கிப்போயிற்று. அதன் எச்சில் என் சட்டையை நனைத்தது. வாண்டு கிட்டே வந்து அதன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பந்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மனைவி சமையலறையை விட்டு வெளியே வரவேயில்லை.

நர்ஸ் யூனிஃபார்மில் வந்து, அந்த அம்மாள் வந்துவிட்டார் என்று கையை நீட்டினாள். நான் வாசலைத் தாண்டி இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்றேன். எதிர்க் கதவு திறந்திருந்தது. உள்ளே வலப்பக்கம் சமையலறை, அதற்கு அப்பால் நீளமாக நடை. அந்த இடத்தில் குழந்தை விழித்துக்கொண்டது. நடையைப் பார்த்தது. அழவில்லை. என் சட்டையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டது.

நர்ஸ் இழுத்தாள். விடவில்லை. மாமாவை ரொம்பப் பிடிச்சுப்போச்சு போல என்று சிரித்தாள். குழந்தை அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த வயதில் இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, துணி கிழிந்துவிடும் போல இருந்தது. நேரமாகிறது அண்ணா என்றாள் நர்ஸ்.

நான் அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று பிடித்துக்கொண்டது. அதையும் பிரித்தேன். கடைசியில் கட்டை விரல் மட்டும் மிச்சம் இருந்தது, அதைப் பிரிப்பது சுலபமாக இருந்தது. குழந்தையை அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை உள்ளே தூக்கிக்கொண்டு போனாள்.

நான் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினேன். பக்கங்களை அனுப்பியாகிவிட்டதா என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள். இதோ அனுப்பப் போகிறேன் என்றேன்.