துவைக்கிற கல்

எங்கள் ஊருக்கு மூன்று பக்கமும் வயல், நடுவில் பழைய கோட்டை. மண்டிக்குத் தக்காளி ஏற்றிப் போகும் லாரிகள் அதன் மதிலை உரசிக்கொண்டுதான் போகும். கோட்டைக் கல் இல்லாத வீடு இங்கே கிடையாது. ஒரு வீட்டில் வாசற்படி, ஒரு வீட்டில் மாட்டுத்தொட்டி. எங்கள் வீட்டில் துணி துவைக்கிற கல். கல்யாணமான புதிதில் நானே சுமந்து வந்தது. அடிப்பக்கம் யானை செதுக்கியிருக்கும்.

ஐம்பது வயதுக்கு மேல்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றேன். கோட்டை வாசல் பலகையை அப்புறம்தான் படித்தேன். கல்லை எடுத்தால் இரண்டு வருஷம் சிறை. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. போன வாரம் அதிகாரிகள் கீழத்தெருவில் வீடு வீடாக நுழைந்து இரண்டு பேரைக் கூட்டிப்போனார்கள். அடுத்தது எங்கள் தெரு.

“திருப்பி வச்சிட்டு வந்துரலாம் மச்சான்” என்றேன் மனைவியின் தம்பியிடம்.

“திருடறப்ப வராத பயம் திருப்பித் தர்றப்ப வருதா மாமா?”

“நாளையிலேருந்து உங்க முதுகுலதான் துவைக்கணும்” என்றாள் மனைவி.

கல்லைத் தள்ளுவண்டியில் ஏற்றி, மேலே தக்காளிப் பெட்டிகளை அடுக்கினோம். கோட்டைக் காவலாளிக்கு ஆந்தை என்று பட்டப்பெயர், பகலில் தூங்குவான். அதை நம்பித்தான் உச்சிவெயிலில் போனோம். வாசற்படியில் சக்கரம் ஏறவில்லை. பாரவண்டி படியேற வேண்டுமென்றால் திருப்பிப் பின்பக்கமாக இழுக்க வேண்டும். இழுத்தோம். பெட்டிகள் சரிந்து உருண்டன. ஆந்தை விழித்துக்கொண்டான்.

“எங்கய்யா தூக்கிட்டுப் போற?”

“உள்ள கொண்டு வர்றேங்க.”

“உள்ள வர்ற வண்டி ஏன் வெளிய பாத்து நிக்குது?”

அவன் ஒரு காகிதத்தில் கிறுக்கி, மைப்பெட்டியோடு நீட்டினான். “கைநாட்டு வை.”

படித்தேன். ‘கல்லை வெளியே கடத்தும்போது பிடிபட்டான்.’

“வெளியேன்னு இருக்குங்க. உள்ளேங்க.”

“ஓ, படிப்பியா? அப்ப அந்தப் பலகையும் படிச்சிருப்பியே!”

மச்சான் முகம் வெளுத்துவிட்டது. கல்லின் மேல் காலையில் துவைத்த சோப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. வேறு சாட்சி எனக்கில்லை. அதைக் காட்டினேன்.

“வீட்ல இருந்த கல்லுங்க. பாருங்க.”

ஆந்தை நகத்தால் சுரண்டி முகர்ந்தான். காகிதத்தைக் கிழித்துப் போட்டான். எனக்கு மூச்சு வந்தது.

அவன் புதுக் காகிதம் ஒன்றை எடுத்தான்.

“சரி. எத்தனை வருஷமாய்யா துவைக்கிறீங்க?”