மாமனாரின் புதுக் கண்ணும் மாப்பிள்ளையின் ஃபாக் லைட்டும்

உலக மக்கள் அனைவரும் கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டுச் செவிமடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பி குடித்த சூட்டோடு, பெரிய மாப்பிள்ளை தம் மாமனாரின் காருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அதன் ஃபாக் லைட் எனும் பனிமூட்ட விளக்குகளின் கண்ணாடிகளைத் தம் சொந்தக் கையால் புதுப்பிக்கத் திருவுளம் கொண்டார்.

உண்மையில் அது திருவுளம் இல்லை, நடுக்கம்.

மாமனார் பள்ளிக்கூட ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குற்றம் கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்கியவர். ஓய்வுக்குப் பிறகு அதையே இலவசமாகச் செய்துவந்தார். நடுவில் கண்புரை வந்து குடும்பத்துக்குக் கொஞ்சம் நிம்மதி கொடுத்தது. அந்த நிம்மதிக் காலத்தில்தான் கார் சாவி பெரிய மாப்பிள்ளையின் கைக்கு வந்தது. ஆபீஸில் எல்லாரும் அவரை 'கார் சார்' என்றார்கள். அவரை மதிக்க வேறு காரணம் எதுவும் அங்கே யாருக்கும் அகப்படவில்லை.

இப்போது கண் ஆபரேஷன் முடிந்து, சின்ன மகள் வீட்டில் ஓய்வும் எடுத்தாகிவிட்டது. முந்தின நாள் போனில் தீர்ப்பு வந்தது. "நாளைக்குச் சாயங்காலம் வரேன். வண்டியப் பாத்துட்டு, சாவி யாருகிட்ட இருக்கணும்னு சொல்றேன்."

சின்ன மாப்பிள்ளையும் அந்தச் சாவிமேல் கண் வைத்திருந்தது ஊரறிந்த விஷயம்.

விடிந்ததும் பெரிய மாப்பிள்ளை காரைக் கழுவினார், சீட்டைத் தட்டினார், டயரைக்கூடத் துடைத்தார். பம்பருக்குக் கீழே குனிந்தபோதுதான் அதைக் கண்டார். இரண்டு ஃபாக் லைட்டும் மஞ்சள் பாரித்து, மங்கி, புரை முத்தின கண்ணாக அவரையே முறைத்தன.

மெக்கானிக்கிடம் போனால் செலவு. ஆனால் செல்போன் வீடியோவில் ஒரு மகான், சன்னமான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, பிறகு பேஸ்ட் போட்டுத் துடைத்தால் போதும் என்று அருளியிருந்தார். வீட்டில் இருந்தது கதவுக்குப் பெயின்ட் அடிக்க வாங்கிய முரட்டு உப்புத்தாள். எல்லாம் ஒரே தாள்தானே என்று இடது பக்கத்தைத் தேய்த்தார்.

அது குளியலறை ஜன்னல் கண்ணாடியைப்போல வெளுத்துவிட்டது. உள்ளே பல்பு இருப்பதே தெரியவில்லை.

யோசித்தார். ஒன்று மட்டும் கெட்டிருந்தால் குற்றம்; இரண்டும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் டிசைன். வலது பக்கத்தையும் அதே தாளால் தேய்த்தார்.

மனைவி வந்து பார்த்தாள். "என்னங்க இது, ரெண்டு கண்ணையும் நோண்டி வச்சிருக்கீங்க?"

"மெதுவாப் பேசு!"

"அப்பாதான் இன்னும் வரலையே."

"உங்கப்பாவுக்குக் கண்ணுதான் போச்சு. காது போகல. இப்ப கண்ணும் வந்துடுச்சு."

அவளே தெருமுனைக் கடைக்குப் போய்ச் சன்னமான தாள் வாங்கி வந்தாள். வாளித் தண்ணீரில் நனைத்து நனைத்து மதியம் வரை தேய்த்தார்கள். பிறகு பழைய சாக்ஸில் பேஸ்ட். மெல்ல மெல்லத் தெளிந்தது; பல்பு தெரிந்தது. பெரிய மாப்பிள்ளைக்கு மூச்சு வந்தது.

அத்தோடு எழுந்து போயிருக்கலாம். ஆனால், மேலே ஒரு பூச்சு கொடுக்காவிட்டால் மறுபடி மஞ்சளாகும் என்று அந்த மகான் கடைசியில் ஒரு வெடி வைத்திருந்தார். சாயங்காலம் மனைவி சமையலறைக்குள் போன நேரம் பார்த்து, அவளுடைய நிறமில்லாத நெயில் பாலிஷை எடுத்து வந்து இரண்டிலும் தாராளமாகப் பூசினார்.

பளபளத்தது. புன்னகைத்தார். புன்னகை முடிவதற்குள், பாலிஷின் காரம் தாங்காமல், அந்தப் பிளாஸ்டிக் கண்ணாடிக்குள் ஒரு நூல் ஓடியது. பக்கத்தில் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு விளக்கிலும் சிலந்தி வலை பின்னியதுபோல விரிசல் பரவிவிட்டது. துடைக்கப் போனவரின் விரல் பாலிஷில் ஒட்டிக்கொண்டது.

தெருவில் ஸ்கூட்டர் சத்தம்.

"ஐயோ, வந்துட்டாங்க!" என்று ஓடி வந்தாள் மனைவி. பார்த்ததும் புரிந்துகொண்டாள். ஒரு விளக்கின் முன்னால் போய் நின்றாள். இன்னொன்றின் முன்னால் அவர் காலை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார்.

சின்ன மாப்பிள்ளை ஸ்கூட்டரை நிறுத்தினார். பின்னால் இருந்து கறுப்புக் கண்ணாடியோடு மாமனார் இறங்கினார்.

"என்ன சகலை, இப்படி வேர்த்திருக்கு? வண்டிய ஓட்டுனீங்களா, தள்ளுனீங்களா?"

பெரிய மாப்பிள்ளை சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

மாமனார் காரைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து மூடினார். டயரைச் செருப்பால் அழுத்தினார். பானெட்டில் விரலை இழுத்து, விரலைப் பார்த்தார். முன்பக்கம் வந்தார்.

"என்ன, ரெண்டு பேரும் துவாரபாலகர் மாதிரி? நகருங்க."

நகர்ந்தார்கள்.

அவர் குனிந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மாமனாரின் உதடு அசைந்தது. நம்பர் பிளேட்டை ஒவ்வோர் எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"படிச்சுட்டேன்! கண்ணாடி இல்லாமலே படிச்சுட்டேன்!" என்று நிமிர்ந்தவரின் முகத்தில் பள்ளிக்கூடப் பிள்ளையின் சிரிப்பு.

பயம் ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று சொல்ல முடியாது. "மாமா, நான்தான் மாமா, மன்னிச்சுடுங்க, அந்த ஃபாக் லைட்டு..." என்று பெரிய மாப்பிள்ளை தாமாகவே உளறிவிட்டார்.

"அது என்ன லைட்டு?" என்றார் மாமனார். பதிலுக்குக் காத்திராமல் கையை நீட்டினார். "சாவியக் குடுங்க மாப்ள. டாக்டர் ஓட்டலாம்னுட்டார். இனிமே நானே ஓட்டிக்கறேன்."

சின்ன மாப்பிள்ளையின் முகமும் சுருங்கியது.

திங்கட்கிழமை பெரிய மாப்பிள்ளை பஸ்ஸில் ஆபீஸ் போனார்.