தம்பியின் காதில் சொன்னது

மகன் பிறந்த அன்று பின்னேரம், மூன்று வயது நிரம்பாத மகள் றுஷ்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். போகும் வழியெல்லாம் அவள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். "இனி உம்மா உனக்கில்ல, தம்பிக்குத்தான்" என்று காலையில் என் மாமி சொல்லிச் சிரித்திருந்தார். பிள்ளைகளிடம் இப்படிப் பகிடி விடுபவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மனைவி பஹ்மியாவின் பக்கத்தில் கிடந்த மகனைத் தூக்கி, அவன் வலது காதில் மெல்லப் பாங்கு சொன்னேன்.

"வாப்பா, தம்பிக்கு என்ன சொன்னீங்க?"

"பாங்கு. பொறந்த புள்ளைக்கு முதல்ல இதத்தான் சொல்லணும். உன்ட காதுலயும் சொன்னநான்."

றுஷ்தா கொஞ்சம் யோசித்தாள். பிறகு, பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு கேட்டால் உம்மா செய்வதுபோலவே, கட்டிலில் கிடந்த ஷோலை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

"நானும் சொல்லணும்."

பிள்ளையைத் தாழ்த்திப் பிடித்தேன். றுஷ்தா தம்பியின் காதில் வாயை வைத்தாள். ரகசியம் என்று நினைத்துத்தான் சொன்னாள். எங்கள் இருவருக்கும் தெளிவாகக் கேட்டது.

"உம்மா என்ட. உனக்கும் தாறன், அழாத."

பஹ்மியா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு முழ வேலிக்காகக் கூடப்பிறந்தவர்களே ஏழு வருடமாகக் கதைக்காமல் இருக்கிற குடும்பம் எங்களுடையது.