ஜெர்மன்காரி கடித்த கை

மேப்பிள் ரன் துப்பாக்கிக் கிளப்பில் எமில் ஹுடாக்கிடம் தெரியாத்தனமாக வாயைக் கொடுத்தால் அவ்வளவுதான், தட்டில் இருக்கிற சாப்பாடு ஆறிப்போகும். மனிதர் கெட்டவர் இல்லை. நிலக்கரி லாரிகளின் எஞ்சினை இறக்கி ஏற்றியே ஆயுளைக் கழித்த தங்கமான ஆள். ஆனால் யாராவது புதுத் துப்பாக்கி வாங்கி வந்துவிட்டால் மட்டும் நாக்கு சும்மா இருக்காது.

"இதென்னய்யா, ஷாம்பு பாட்டில் செஞ்சது போக மிஞ்சின பிளாஸ்டிக்கா?" என்பார். வாங்கி வந்தவன் முகம் சுருங்குவதற்குள் இடுப்பிலிருந்து தன்னுடையதை உருவி, காலி செய்து காட்டி, மேஜைமேல் துணி விரித்து அதன்மேல் வைப்பார். குழந்தையைத் தொட்டிலில் இடுகிற பக்குவம்தான்.

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் இரும்புத் துப்பாக்கி அது. பக்கவாட்டில் மேற்கு ஜெர்மனியில் செய்தது என்று பொறித்திருக்கும். அந்தப் பெயரில் இருந்த நாடே போய்விட்டது, துப்பாக்கி மட்டும் கல்லுக்குண்டாக இருக்கிறது. சட்டை உரசி உரசி ஓரமெல்லாம் கறுப்பு போய் வெள்ளி மாதிரி மின்னும். குறை இல்லாமல் இல்லை. ஏழு குண்டுதான் பிடிக்கும். குறி பார்க்கிற முனை எறும்புத் தலை அளவுதான் இருக்கும். முதல் குண்டுக்கு விசையை இழுப்பதற்குள் பெருமூச்சு வந்துவிடும். இதெல்லாம் எமிலுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்து என்ன? கையில் எடுத்தால் அதுவே வந்து பொருந்திக்கொள்கிறது. தட்டையாக இருப்பதால் சட்டைக்குள் போட்டால் மனைவிக்கே தெரியாது. அதற்கு அவர் வைத்த பெயர் ஜெர்மன்காரி.

ஜெர்மன்காரிக்குக் கடிக்கிற பழக்கம் உண்டு. ஒவ்வொரு குண்டு போகும்போதும் மேல்பாகமான ஸ்லைடு பின்னால் பாய்ந்து வரும். பிடி கொஞ்சம் மேலே ஏறியிருந்தால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதையில் இரண்டு கோடு கிழித்துவிட்டுத்தான் திரும்பும். கிளப்பில் இதற்கு ஒரு மரியாதை வைத்திருக்கிறார்கள். பழைய துப்பாக்கி முதல்முறை கடித்தால், அந்த ரத்தத்தை, அப்போது சுட்ட காகித இலக்கிலேயே ஒற்றி, கையெழுத்துப் போட்டு, கிளப் சுவரில் ஆணியடித்து மாட்டுவார்கள். எமிலுடையது அங்கே மாட்டி எத்தனையோ வருஷம் ஆகிறது. ரத்தம் இப்போது தேநீர் சிந்திய கறைபோல இருக்கிறது. பிளாஸ்டிக் உடம்புத் துப்பாக்கி வைத்திருக்கிறவர்களுக்கு அந்தச் சுவரில் இடமில்லை. வெளியே சிரித்தாலும் போகும்போதும் வரும்போதும் அந்தப் பக்கம் பார்த்துக்கொள்ளத்தான் செய்வார்கள்.

அப்படிப் பார்க்கிறவர்களில் ஒருவன் கர்ட் ஷாஃபர். இன்சூரன்ஸ் விற்கிறவன், வாயாடி. ஷாம்பு பாட்டில் கேலியை அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவனும் அவன்தான். கோடையில் ஒருநாள் எல்லார் முன்னாலும் சவால் விட்டான்.

"பெரியவரே, செப்டம்பர்ல கிழட்டுத் துப்பாக்கிப் போட்டி வருதில்ல? அன்னிக்கு உங்க ஜெர்மன்காரி ஒரு தடவைகூட குண்டு சிக்காம சுட்டுட்டா, நானும் அதே மாதிரி ஒண்ணு தேடி வாங்கி இடுப்புல கட்டிக்கிறேன். சிக்குச்சுன்னா, செத்தாலும் நீங்க ஷாம்புங்கிற வார்த்தையைச் சொல்லக் கூடாது."

"நீ இப்பவே தேட ஆரம்பி தம்பி," என்றார் எமில். "இத்தனை வருஷத்துல அவ சிக்கினதே கிடையாது."

உண்மைதான். ஆனால் அந்தச் சமயம் எமிலை அரித்துக்கொண்டிருந்த விஷயம் வேறு. ஜெர்மன்காரி சிக்கவில்லை, எமிலின் கைதான் சிக்கிக்கொண்டிருந்தது.

முதல் குண்டு உள்ளே போக ஸ்லைடைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட வேண்டும். அந்த ஸ்லைடை மறுபடி முன்னால் தள்ளி மூடுகிற ஸ்பிரிங் இருக்கிறதே, அப்பப்பா, ராட்சசி. சின்னத் துப்பாக்கிகளுக்கு அந்தக் காலத்தில் அப்படித்தான் வைத்தார்கள். போன குளிர்காலத்தில் கட்டைவிரல் மூட்டு வீங்க ஆரம்பித்ததிலிருந்து எமிலால் அதைப் பாதிதான் இழுக்க முடிந்தது. நிலவறையில் கதவைச் சாத்திக்கொண்டு, கையுறை போட்டுப் பார்த்தார், ரப்பர் துண்டு சுற்றிப் பார்த்தார். வியர்த்ததுதான் மிச்சம். லாரி எஞ்சினைத் தூக்கிய கை இன்றைக்கு ஒரு கைத்துப்பாக்கியிடம் தோற்கிறதே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதைவிட, யாருக்காவது தெரிந்தால்? பழசுதான் உசத்தி என்று ஊரெல்லாம் பேசிவிட்டு, அந்தப் பழசை இழுக்கத் தெம்பில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது?

கடைசியில் செய்யக் கூடாத காரியத்தைச் செய்தார். தளர்வான ஸ்பிரிங் ஒன்றைத் தபாலில் வரவழைத்து மாட்டினார். பழையதைத் திருகாணிகள் கிடக்கிற காப்பி டின்னுக்குள் போட்டுப் புதைத்தார். ஸ்லைடு இப்போது சொன்னபடி கேட்டது. சந்தோஷத்தில் தலைகால் புரியாமல், சுட்டுப் பார்க்க வேண்டும் என்பதைக்கூட மறந்தார். வேறு எவனாவது இப்படிச் செய்திருந்தால் எமிலே நிற்கவைத்துத் திட்டியிருப்பார்.

போட்டியன்று மேப்பிள் இலைகள் ஓரம் சிவந்திருந்தன. கிளப் கூரைக்குக் கீழே முட்டைக்கோஸ் உருண்டையும் கொல்பாசி என்கிற பன்றித் தொத்திறைச்சியும் சட்டி சட்டியாகக் கொதித்தன. எமிலின் மனைவி லோரெட்டா மாவுக் கொழுக்கட்டைக்கு வெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் மாவு பிசைந்து உரமேறிய கை அவளுடையது. அவளும் வருஷா வருஷம் போட்டியில் கலந்துகொள்வாள், தன் கைப்பையில் இருக்கிற இத்தாலியத் துப்பாக்கியோடு. அதுவும் பழையதுதான், இப்போது கடைகளில் கிடைக்காது. ஒரு நெம்புகோலைத் தட்டினால் குழலின் பின்பக்கம் டப்பா மூடி மாதிரி மேலே எழும்பும். குண்டை நேராக உள்ளே வைத்து மூடிவிடலாம், ஸ்லைடை இழுக்கிற வேலையே இல்லை. எமில் அதற்கு வைத்த பெயர் மூடி டப்பா.

"உன் ஜெர்மன்காரியை ஒரு தடவை சுட்டுப் பார்க்கிறேனே," என்று லோரெட்டா கல்யாணமான புதிதிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். "அது கடிக்கும் லோரி, உனக்கு டப்பா போதும்," என்று எமிலும் அப்போதிலிருந்து மறுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

சுடும் தளத்துக்குப் பொறுப்பாளர் நோரீன். முறைத்தாலே துப்பாக்கி தானாகக் காலியாகிவிடும் என்று கேலி பேசுவார்கள். அவள் பேர் கூப்பிட்டதும் எமில் கோட்டில் போய் நின்றார். எல்லாரும் பார்க்கும்படி, விறைப்பாக, ஸ்லைடை இழுத்து விட்டார். என்ன கம்பீரம்! கர்ட்டைத் திரும்பிப் பார்த்து ஒரு புன்னகையும் பூத்தார்.

முதல் குண்டு நடுவில் விழுந்தது. இரண்டாவதும் பழுதில்லை. மூன்றாவதற்கு விசையை இழுத்தார், சத்தமே இல்லை. ஸ்லைடு முழுசாக மூடாமல் பாதியில் நின்றிருந்தது. தட்டிச் சரிசெய்தார். ஒன்று வெடித்தது, அடுத்தது மறுபடி பாதியில் நின்றது.

"போதும் எமில், காலி பண்ணுங்க," என்றாள் நோரீன்.

பின்னால் கர்ட் குதிக்காத குறை. "ஐயையோ, பாட்டிக்கு மூச்சு வாங்குது! யாராச்சும் தண்ணி குடுங்கப்பா! பெரியவரே, நான் அப்பவே சொன்னேன்ல, பழசு பழசுதான். கண்ணாடி அலமாரியில வெச்சுப் பார்த்துக்கிட்டே இருங்க, அழகாத்தான் இருக்கு."

சிரிப்பு பரவியது. நல்ல மனசுக்காரர் ஒருவர், "குண்டு மட்டமா இருக்கும், வேற பாக்கெட் மாத்திப் பாருங்க," என்று தப்பிக்க ஒரு கயிறு போட்டார். இன்னொருவர், "வருஷம் ஆகுதில்ல, ஜெர்மன் இரும்புன்னாலும் தேயத்தான் செய்யும்," என்று தலையாட்டினார். நேற்றுவரை அதைக் கையில் வாங்கிப் பார்க்கக் காத்துக் கிடந்தவர்கள் எல்லாரும் பாவமாகப் பார்த்தார்கள்.

குண்டு மட்டம் என்று சொல்லிவிடலாம். எமிலின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் தன் மானம் பிழைக்கும். ஆனால் மேஜைமேல் துணியில் கிடந்த ஜெர்மன்காரியைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டார். ஒரு தப்பும் செய்யாமல் ஊர் முன்னால் பேச்சு வாங்கிக்கொண்டு அது பேசாமல் கிடந்தது.

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்கடா!" என்று கத்தினார். அவருக்கே அது அதிகச் சத்தமாகக் கேட்டது. "துப்பாக்கி மேல ஒரு குத்தமும் இல்ல. தப்பு என்மேல. ஸ்பிரிங்கை மாத்திட்டேன். தளர்வானதைப் போட்டேன். அதுக்கு ஸ்லைடை முழுசா மூடத் தெம்பில்ல."

கர்ட்டுக்குச் சிரிப்பு நின்றது. "நீங்களா? எதுக்கு?"

எமில் கைகளைத் தூக்கிக் காட்டினார். கட்டைவிரல் அடியில் மூட்டு எலுமிச்சைபோல வீங்கியிருந்தது. "என்னால இழுக்க முடியல. போன குளிர்லேருந்து முடியல. போதுமா?"

லோரெட்டா கரண்டியைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, கைப்பையோடு வந்தாள். உள்ளேயிருந்து ஒரு சாண்ட்விச் கவரை எடுத்து மேஜைமேல் போட்டாள். கவருக்குள் பழைய ஸ்பிரிங் இருந்தது.

எமில் கவரைத் தூக்கிப் பார்த்தார். "இது எப்படி உன்கிட்ட?"

"திருகாணி தேடுனேன், காப்பி டின்ல கிடந்துச்சு."

"எப்ப?"

"நீ போட்ட மறுநாளே."

"பார்த்தியில்ல, ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"நீ சொல்வேன்னு பார்த்தேன். ஊறுகாய் பாட்டிலை எங்கிட்ட நீட்டி, 'கண்ணாடி போடல லோரி, இதைத் தொறந்து குடு'ன்னு கேக்குறியே, பாட்டில் தொறக்கக் கண்ணாடி எதுக்கய்யா?"

கூரையே அதிர எல்லாரும் சிரித்தார்கள். எமிலுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தார், முடியவில்லை. உட்கார்ந்து ஸ்லைடைக் கழற்றிப் பழைய ஸ்பிரிங்கை மாட்டினார். கடைசித் தள்ளலுக்கு லோரெட்டாவின் கை தேவைப்பட்டது. கேட்காமலே வந்து தள்ளிவிட்டாள்.

"பழுது பார்த்த துப்பாக்கிக்கு மறுபடி ஒரு சுற்று உண்டு," என்றாள் நோரீன். "யாரு சுடுறாங்கன்னு நான் கேக்க மாட்டேன்."

கர்ட்டும் நியாயத்துக்குக் கட்டுப்பட்டவன்தான். "நான் சவால் விட்டது ஜெர்மன்காரிகிட்ட. யாரு வேணும்னாலும் சுடட்டும்," என்றான்.

எமில் துப்பாக்கியை எடுத்தார். ஒரு நிமிஷம் வைத்திருந்தார். பிறகு பிடியைத் திருப்பி மனைவியிடம் நீட்டினார். "கடிக்கும் லோரி. கையைக் கீழே இறக்கிப் பிடி."

"கடிச்சா கடிக்கட்டும்," என்றாள் லோரெட்டா. கோட்டில் போய் நின்று ஸ்லைடை இழுத்தாள், இழுத்ததாகவே தெரியவில்லை. ஏழு குண்டும் தடதடவென்று போயின. ஒன்றுகூட நிற்கவில்லை. காலி செய்து காட்டிவிட்டுத் திரும்பியவளின் வலது கையில் ரத்தம் இரண்டு கோடாக வழிந்தது. அதை அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, பரிசு வாங்கின பிள்ளை தோற்றது போங்கள்.

"சுவருக்கு! சுவருக்கு!" என்று எல்லாரும் கத்தினார்கள். கர்ட்தான் ஓடிப்போய் இலக்குக் காகிதத்தை எடுத்து வந்தான். ஒற்றும்போது மெதுவாகக் கேட்டான்: "பெரியவரே, இந்த மாதிரி ஒண்ணு எங்க கிடைக்கும்?"

"நான் உயிரோட இருக்கிற வரைக்கும் இங்க கிடைக்காது," என்றார் எமில். "அடுத்த வாரம் துப்பாக்கிக் கண்காட்சிக்கு வா, தேடித் தரேன்."

"இன்னும் உங்க சுற்று முடியல எமில்," என்று நோரீன் கூப்பிட்டாள். "சுடறீங்களா, பேரை அடிச்சிடவா?"

லோரெட்டா கைப்பையைத் திறந்து இத்தாலியத் துப்பாக்கியைக் கணவன் முன்னால் வைத்தாள். எமில் அதை இத்தனை வருஷமாகத் தொட்டதில்லை. நெம்புகோலைத் தட்டினார். மூடி எழும்பியது. குண்டை வைத்தார், மூடினார். வலி என்ற பேச்சே இல்லை. சுட்டு முடித்துப் பார்த்தால் எல்லாம் நடுவட்டத்துக்குள் கொத்தாக இருந்தன. அவர் அப்படிச் சுட்டு நாளாயிற்று.

"டப்பா எப்படி?" என்றாள் லோரெட்டா.

"டப்பான்னு எவன் சொன்னான்?" என்றார் எமில்.

சாயங்காலம் தங்கள் பிக்கப் லாரிக்குள் வந்து உட்கார்ந்ததும், லோரெட்டா தன் கையை அவர் மடியில் நீட்டினாள். அவர் கையில் தழும்பு இருக்கிற அதே இடத்தில் அவளுக்கும் இரண்டு கோடு. எமில் டேஷ்போர்டிலிருந்து பிளாஸ்திரி ஒன்றை எடுத்தார். அதன் காகிதத்தைப் பிரிக்கப் பார்த்தார். விரல் வழுக்கியது. மறுபடி பார்த்தார், வரவில்லை. சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடப் போன கையைப் பாதியில் நிறுத்தினார்.

"என்னால முடியல லோரி," என்றார். "நீயே பிரிச்சுக் குடு."

அவள் பல்லால் கடித்துப் பிரித்துக் கொடுத்தாள். அவர் வாங்கி ஒட்டிவிட்டார்.