திருப்பு

குழந்தைகளைச் சிரிக்கவைத்துப் படம் எடுப்பதில் ராயபுரத்திலேயே என் வீட்டுக்காரர் எத்திராஜை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த மனுஷர் செய்வதெல்லாம் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு படம் பிடிக்கிற ரப்பர் பந்தை அமுக்குவதுதான். துணிக்கு வெளியே நின்று கிலுகிலுப்பை ஆட்டி, விசில் ஊதி, தகர டப்பாவைத் தட்டி, தொண்டை வறளக் கூத்தடிப்பது நான். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் ஒருத்தராவது இது செல்லம்மா எடுத்த போட்டோ என்று சொன்னதில்லை. போகட்டும்.

இந்த வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. பொம்மையைக் குழந்தைக்குக் காட்டவே கூடாது. காட்டினால் கையை நீட்டும். நீட்டினால் படத்தில் கை இருக்க வேண்டிய இடத்தில் புகைதான் விழும். சத்தம் மட்டும் வர வேண்டும், எங்கிருந்து வருகிறது என்று தெரியக் கூடாது. அப்போது எப்பேர்ப்பட்ட அழுமூஞ்சியும் கண்ணை அகல விரித்து ஒரு விநாடி அசையாமல் நின்றுவிடும். அந்த ஒரு விநாடி அவருக்குப் போதும். துணிக்குள்ளிருந்து "திருப்பு" என்பார். நான் முதுகுக்குப் பின்னால் கிலுகிலுப்பையை ஒரு ஆட்டு ஆட்டுவேன். குழந்தை திரும்பும். நூற்றுக்கணக்கில் இப்படித் திருப்பியிருக்கிறேன். திரும்பாத குழந்தையை ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள்தான் பார்த்தேன்.

எங்கள் ஸ்டுடியோ மாடியில் இருந்தது. கீழே கயிற்றுக் கிடங்கு, பின்னால் ரயில் பாதை. மரப்பலகைத் தரை, கூரையில் வடக்குப் பக்கம் வெளிச்சத்துக்குக் கண்ணாடி. அன்று காலை பத்து மணிக்கு வெள்ளைத் துப்பட்டி போர்த்திய இரண்டு பெண்கள் படியேறி வந்தார்கள். சின்னவள் ஜெரினா, இருபது வயதுதான் இருக்கும். அவள் இடுப்பில் ஒன்றே முக்கால் வயதுப் பையன் அமீருதீன். பெரியவள் தாஹிரா, ஜெரினாவின் நாத்தனார். அவள் வந்ததும் வராததுமாக வாசலோர பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். வேவு பார்க்க வந்தவள் என்று எனக்குப் பார்த்த உடனே பட்டது. என் புத்தி அப்படி.

ஜெரினாவுக்கு மூச்சு வாங்குவதற்குள் பேச்சு வந்துவிட்டது.

"யக்கா, புள்ள மூஞ்சி நல்லா சுறுசுறுப்பா வுழணும். இவுங்க அத்தா கப்பல்ல கீறாங்க. நாப்பது நாள் கொழந்தையா பாத்ததோட சரி. நாளைக்குக் கப்பல் தபால்ல போட்டோ போயே ஆவணும்."

விஷயம் இதுதான். அவள் புருஷன் ஜஹாங்கீர் பினாங்குக்குப் போகும் சரக்குக் கப்பலில் பாரம் தூக்கும் விஞ்சு ஓட்டுகிறவன். இந்த வருஷத்தோடு கப்பலை விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். நடுவில் தாஹிரா தம்பிக்கு ஒரு கடிதம் எழுதவைத்துவிட்டாள். பையன் கூப்பிட்டால் திரும்புவதில்லை, அத்தா அம்மா என்று ஒரு சொல் வரவில்லை, மந்தமாக இருக்கிறான் என்று. அதற்கு அவன் எழுதிய பதிலை ஜெரினா மனப்பாடமாக ஒப்பித்தாள்: பிள்ளையை போட்டோ எடுத்து அனுப்பு, முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியும், வருவதைப் பற்றி அதற்குப் பிறகு எழுதுகிறேன்.

"அந்தக் கடைசி வார்த்தைதான்க்கா பேஜாரா கீது. அதுக்கப்புறம்னா இன்னா அர்த்தம்? புள்ள சரியில்லன்னா வரமாட்டாங்களா?"

"நான் ஒன்னும் பொய் எழுதலமே. கண்ணால பாத்தத எழுதுனேன்" என்றாள் தாஹிரா, பெஞ்சிலிருந்து.

"மந்தம்லாம் இல்லக்கா. நான் கூப்ட்டா டக்குனு திரும்புவான். சாது, அவ்ளோதான். ஆர்பர்ல கப்பல் சங்கு ஊதுனாகூட முழிச்சிக்க மாட்டான். ரயிலு போச்சின்னா மட்டும் படக்குனு எழுந்து குந்திக்குவான். எங்க வூடு பாதைய ஒட்டித்தான கீது."

நான் சிரித்தேன். சங்குக்குத் தூங்கி ரயிலுக்கு முழிக்கிற பிள்ளை, பெரியவனானால் ஸ்டேஷன் மாஸ்டர்தான் என்றேன். அந்த வாயை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பையனை ஸ்டூலில் வைத்தால் சரிந்துவிடுவான் என்று பூப்போட்ட திரைக்கு முன்னால் தரையிலேயே உட்காரவைத்தேன். இரண்டு உள்ளங்கையையும் பலகையில் ஊன்றிக்கொண்டு, என்னமோ வீட்டுச் சொந்தக்காரன் மாதிரி உட்கார்ந்தான்.

"படம் புடிக்க ரெண்டே பிளேட்டுதான் கீது, பாத்து" என்று சொல்லிவிட்டு அவர் துணிக்குள் போனார். "திருப்பு."

கிலுகிலுப்பையை ஆட்டினேன். பையன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"திருப்பு."

பலமாக ஆட்டினேன். கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோக முயற்சி செய்தான்.

"இன்னா செல்லா, தூங்கிட்டியா?"

எனக்குக் கோபம் வந்தது. விசிலை எடுத்து ஊதினேன். கூரைக் கண்ணாடியின் மேல் உட்கார்ந்திருந்த காக்கை பறந்து போயிற்று. பையன் அசையவில்லை. அவன் முதுகுப் பக்கம் போய்த் தகர டப்பாவைப் பட்டென்று அடித்தேன். ஜெரினாவின் கண் சிமிட்டியது. தாஹிராவின் கை நெஞ்சுக்குப் போயிற்று. பையனின் பிடரியில் ஒரு முடிகூடத் திரும்பவில்லை.

இந்தப் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை. மனசுக்குள் சொன்னதற்கே நாக்கைக் கடித்துக்கொண்டேன். நீ என்ன டாக்டரா, பிள்ளை விளையாட்டில் இருக்கிறான், பசியாக இருக்கும், தூக்கமாக இருக்கும் என்று என்னையே அதட்டினேன். ஜெரினா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏதாவது தெரிந்துவிடப் போகிறதே என்று டப்பாவைத் துடைக்கிற பாவனையில் திரும்பிக்கொண்டேன்.

பின்னால் இன்ஜின் கூவியது. நீளமாக, இரண்டு முறை. கொஞ்சம் பொறுத்து கூட்ஸ் வண்டி எங்கள் கட்டடத்தைத் தாண்டிக் கடகடவென்று போயிற்று. பையன் வெடுக்கென்று தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தான்.

"பாத்தியாக்கா! பாத்தியா!" என்று ஜெரினா கையைத் தட்டினாள்.

அப்பாடா என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கேட்கிறது, கேட்கிறது. நானும் என் கோணல் புத்தியும்! முருகனுக்குத் தேங்காய் உடைக்கிறேன் என்றுகூட வேண்டிக்கொண்டேன். அந்த நிம்மதி அந்த வண்டி கடந்து போகிற வரைக்கும்தான் இருந்தது.

ஜன்னலோரம் கூஜாவின் மேல் கவிழ்த்திருந்த டம்ளர் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. என் உள்ளங்காலில் பலகை அதிர்ந்தது. பையனின் உள்ளங்கை இரண்டும் அதே பலகையில். இன்ஜின் கூவியபோது இவன் திரும்பவில்லையே? தரை ஆடிய பிறகுதானே திரும்பினான்?

புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்குப் பின்னால், கேமரா பக்கமாக வந்து நின்று, வலது காலால் பலகையில் ஓங்கி மிதித்தேன். திரும்பினான். கண்ணை அகல விரித்து, ஒரு விநாடி அசையாமல் பார்த்துவிட்டு, நான்கு முன்பல்லும் தெரியச் சிரித்தான்.

"ஆச்சு!" என்றார் அவர், துணிக்குள்ளிருந்து. "இன்னா மூஞ்சிடா சாமி! கலெக்டர் மூஞ்சி!"

ஜெரினா நாத்தனார் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா தாஹிராக்கா? இதா மந்தம்?"

பிளேட்டில் விழுந்திருப்பது அருமையான முகம் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்த்தால் ஜஹாங்கீர் அடுத்த கப்பலிலேயே வந்து இறங்குவான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இவளுக்குப் புருஷன் வருவான், எனக்குப் பொல்லாப்பு இல்லை. வந்த பிறகு தெரிகிறபோது தெரியட்டும். ஆனால் அதுவரைக்கும் இந்தப் பிள்ளையை மந்தம் மந்தம் என்பார்கள், வந்தவனும் அதையே சொல்லுவான். காது கேட்காது என்று ஒருத்திக்குத் தெரியும், அந்த ஒருத்தி ராயபுரத்தில் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருப்பாள். எனக்கு அது தாங்கவில்லை.

"நீ கூப்ட்டா திரும்புவான்னு சொன்னியே, எப்டிக் கூப்புடுவ? காட்டு" என்றேன்.

ஜெரினா சந்தோஷமாக எழுந்து பையனின் முதுகுப் பக்கம் போய்க் குந்தினாள். உள்ளங்கையால் பலகையைப் பொத்துப் பொத்தென்று இரண்டு தட்டுத் தட்டி, "அமீரு!" என்றாள். அவன் உடனே திரும்பினான்.

"அவ கூப்ட்டா திரும்புவான். நான் கூப்ட்டாதான் திரும்ப மாட்டான்" என்றாள் தாஹிரா. அவள் குரலில் இருந்தது பொறாமை இல்லை, வருத்தம். வேவு பார்க்க வந்தவள் என்று நினைத்தேனே என்று எனக்குச் சுருக்கென்றது.

பையனை மறுபடி திரைப் பக்கம் திருப்பி உட்காரவைத்தேன். ஜெரினாவின் பக்கத்தில் குந்தி அவள் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப கூப்புடு."

"கைய வுடுக்கா."

"வுடறேன். ஒரே ஒரு தபா கூப்புடு."

"அமீரு" என்றாள். பையன் திரையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தான். "அமீரு!" என்றாள். என் பிடிக்குள் அவள் கை தரைக்குப் போகத் துடித்தது. நான் விடவில்லை. மூன்றாம் முறை அவள் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரர் துணியிலிருந்து தலையை வெளியே எடுத்தார். அந்தப் பிள்ளை நூலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

ஜெரினா என்னை உதறித் தள்ளினாள். "இன்னா பண்ண எம்புள்ளய? ஊதி ஊதிக் காத செவுடாக்கிட்டியா?" தரையில் கிடந்த தகர டப்பாவை எடுத்து அவன் காதோரம் வைத்து அடித்தாள், அடித்தாள், அடித்துக்கொண்டேயிருந்தாள். நான் மரமாக உட்கார்ந்திருந்தேன். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. தாஹிராதான் எழுந்து வந்து டப்பாவை மெதுவாக அவள் கையிலிருந்து வாங்கினாள்.

"வுடு ஜெரினா. அவன் இன்னா பண்ணுவான்?" என்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கேக்காத புள்ளயக் கூப்ட்டு கூப்ட்டு, திரும்பலன்னு மந்தம்னு எழுதிட்டனே. அல்லாவே, என் வாயாலயே சொல்லி எழுத வச்சிட்டனே."

பையன் அப்போதுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். தவழ்ந்து வந்து, அவள் மடியைப் பிடித்து நின்று, அழுகிற வாயை அண்ணாந்து பார்த்தான். ஒரு விநாடி அசையாமல் நின்றான். ரப்பர் பந்தின் சத்தம் கேட்டது. அவரை நான் திட்ட வாயெடுத்தேன். அவர் கண்ணும் கலங்கியிருந்ததைப் பார்த்து விட்டுவிட்டேன்.

சாயங்காலம் நான்கு மணிக்கு இரண்டு பேரும் மறுபடி வந்தார்கள். ஜெரினாவின் கண் வீங்கியிருந்தது. என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தாள். இரண்டு படத்தையும் எடுத்து வைத்தேன். ஒன்றில் நான்கு முன்பல்லும் தெரியச் சிரிப்பு. இன்னொன்றில் பையன் அண்ணாந்து நிற்கிறான், ஓரத்தில் துப்பட்டியின் வெள்ளை மட்டும் தெரிகிறது. அதை எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டாள். சிரிக்கிற படத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"இத்த அனுப்பணும். பின்னால எழுதித் தாக்கா. எனக்கு எழுத வராது."

பேனாவை மையில் தோய்த்தேன்.

"பேரு அமீருதீன். வயசு ஒன்னே முக்கா." நிறுத்தினாள். "காது கேக்காதுன்னு எழுது."

"அத்த இப்ப ஏன் எழுதணும்?" என்றாள் தாஹிரா, பதறிப்போய். "மூஞ்சப் பாத்தாலே வந்துருவான். வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். எழுதுனா வராமப் போயிட்டான்னா?"

பையன் ஜெரினாவின் இடுப்பிலிருந்து என் மைக்கூட்டுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தான். வந்தாலும் வராவிட்டாலும் என் தலையில்தான் விடியும் என்று நினைத்துக்கொண்டேன்.

"ரெண்டு வருசம் புள்ளயப் பாக்காம வந்து எறங்குவாங்க தாஹிராக்கா" என்றாள் ஜெரினா. "வாசல்ல நின்னு ஆசையா கூப்புடுவாங்க. இவன் திரும்ப மாட்டான். அப்ப அவங்களுக்கு எப்டியிருக்கும்?" பிறகு என்னிடம், "எழுதுக்கா" என்றாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"காது கேக்காது. மந்தம் இல்ல. வந்தீங்கன்னா வாசல்ல நின்னு கூப்புடாதீங்க. உள்ள வந்து, அவன் பின்னால குந்திக்கினு, தரைய ரெண்டு தட்டு தட்டுங்க. திரும்புவான்."

படத்தின் பின்பக்கத்தில் இடம் போதவில்லை. கடைசிச் சொல்லை ஓரத்தில் நெருக்கி எழுதிவிட்டு, மை காயட்டும் என்று ஊதிக்கொண்டே இருந்தேன்.