மேற்கு மாவட்ட நாற்காலி

எங்கள் வாரியத்தில் நான்கு நாற்காலிகள். வீட்டுக்கும் நிலத்துக்கும் விலை சொல்லும் மதிப்பீட்டாளர்களுக்கு இந்த மாநிலத்தில் உரிமம் கொடுப்பதும் நிறுத்துவதும் அந்த நான்கு பேர்தான். நான் அதன் செயலாளர். ஓட்டு எனக்குக் கிடையாது. காபி போடுவது, கூட்ட அறிவிப்பை வாசல் கதவில் ஒட்டுவது, ஊர் வசவை எல்லாம் வாங்கிக்கொள்வது, இவை உண்டு. எதை முடிவு செய்யவும் மூன்று கைகள் உயர வேண்டும் என்பது சட்டம். அதை எழுதிய மகான்கள், நான்கு நாற்காலியிலும் எந்நேரமும் ஆள் இருப்பார்கள் என்று நம்பியிருக்கிறார்கள்.

மார்லிஸ் எங்கெப்ரெட்சனின் உரிமத்தை நிறுத்தியபோது நான்கு பேரும் இருந்தார்கள். அவள் மேற்கு மாவட்டத்துக்காரி. பண்ணைவீடு ஒன்றை மதிப்பிடப் போன இடத்தில் நான்கு படுக்கையறை என்று வீட்டுக்காரர் சொன்னதை மூன்று என்று எழுதிவிட்டாள். நான்காவது அறை நிலவறையில் இருந்தது. தீப்பிடித்தால் ஏறித் தப்பிக்க அங்கே ஜன்னல் இல்லை. அப்படிப்பட்ட அறையைப் படுக்கையறைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வீட்டுக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாங்குபவனோடு சேர்ந்து விலையை இறக்கிவிட்டாள் என்று புகார் எழுதினார். விசாரணை முடியும்வரை வேலை செய்யக்கூடாது என்று வாரியம் சொன்னது.

விசாரணையும் முடிந்தது. அவள்மேல் ஒரு தூசுகூட இல்லை, உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று விசாரணை அதிகாரி எழுதிவிட்டார். வாரியம் கைதூக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. இதற்குள் மேற்கு மாவட்ட உறுப்பினர், இந்தக் குளிரில் முழங்கால் வலி தாங்காமல், அரிசோனாவில் மகள் வீட்டுக்கே குடிபோய்விட்டார். மிச்சம் மூன்று பேர்: தலைவர் டுவைட் ஹால்வர்சன், வங்கிக்காரி லோர்னா, பொதுமக்கள் சார்பில் ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஆர்வில். டுவைட்டிடம்தான் மார்லிஸ் தொழில் பழகினாள். தன்னிடம் பழகியவரின் வழக்கில் யாரும் ஓட்டுப் போடக்கூடாது. எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

போனார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், தண்டனை வாங்கிய பள்ளிப் பையன் மாதிரி நின்றார். லோர்னாவும் ஆர்வில்லும் கைதூக்கினார்கள்.

"ரெண்டுதான்," என்றேன்.

"நான் ரெண்டு கையையும் தூக்குறேன் வெல்டா, அப்ப கணக்கு சரியாப் போச்சா?" என்றாள் லோர்னா.

ஆர்வில் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். பின்வரிசையில் மார்லிஸ் உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை. விடியுமுன் கிளம்பி, மாநிலத்தைக் குறுக்கே கடந்து காரோட்டி வந்தவள் அவள்.

மறுநாள் ஆளுநர் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். நியமனங்களைப் பார்க்கும் இளைஞன் மிக மரியாதையாகப் பேசினான்.

"மேற்கு மாவட்டத்துக்கு ஒரு பேர் அனுப்புங்க மேடம். அங்கேயே குடியிருக்கணும், லைசென்ஸ் நடப்புல இருக்கணும்."

"அங்க இருக்கிறதே ஒரே ஒரு ஆள்தான் தம்பி."

"ஒருத்தர் போதுமே! அவங்க பேரையே அனுப்புங்க."

"அவங்க லைசென்ஸைத்தான் நாங்க நிறுத்தி வெச்சிருக்கோம்."

"சரி, அந்தத் தடையை எடுத்து விட்டுடுங்க."

"எடுத்து விடறதுக்கு இன்னொரு ஆள் வேணும்."

"அதுக்குத்தானே மேடம் பேர் அனுப்பச் சொல்றேன்?"

நான் மெதுவாக, குழந்தைக்குச் சோறூட்டுவது போல, மறுபடி முதலிலிருந்து சொன்னேன். சட்டத்தைத் திருத்தலாமே என்றான். திருத்தலாம்தான். எங்கள் சட்டமன்றம் ஓராண்டு விட்டு ஓராண்டுதான் கூடும். இது கூடாத ஆண்டு. மார்லிஸ் வக்கீலிடமும் போய்ப் பார்த்தாள். வாரியம் முடியாது என்று சொல்லியிருந்தால் மேல்முறையீடு செய்யலாம், வாரியம்தான் ஒன்றுமே சொல்லவில்லையே என்று அவர் கையை விரித்துவிட்டார்.

இந்த நேரத்தில்தான் டுவைட் ஒரு நல்ல காரியம் செய்தார். நல்ல மனதோடு ஒருவர் செய்த காரியத்தின்மேல் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்ததேயில்லை. ராஜினாமா செய்துவிட்டார். முகமெல்லாம் மலர்ச்சியாக, கையில் எலுமிச்சைக் கேக் தட்டோடு அலுவலகத்துக்கே வந்து சொன்னார்.

"என்னாலதானே அந்தப் பொண்ணுக்கு ஒரு கை குறையுது? நான் ஒதுங்கிட்டேன் வெல்டா. என் இடத்துக்கு வேற யாராவது வரட்டும், ஜம்முனு கையைத் தூக்கட்டும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, டுவைட்?"

"ஏன், இப்ப என்ன ஆச்சு?"

"மூணு பேர் இருந்தாத்தான் கூட்டத்தையே ஆரம்பிக்கலாம். இப்ப ரெண்டு பேர். மார்லிஸை விடுங்க, புதுசா ஒருத்தருக்குக்கூட இனி லைசென்ஸ் கொடுக்க முடியாது."

"அப்ப... நான் ராஜினாமாவை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"ஆளுநர் ஏத்துக்கிட்டாச்சு. காலையிலேயே தகவல் வந்துடுச்சு."

அவர் தட்டை மேசையில் வைத்தார். எத்தனையோ ஆண்டுகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு விதியையும் எங்களுக்கே பாடம் எடுத்த மனிதர். அன்புக்கு முன்னால் அத்தனை விதியும் மறந்துபோயிற்று. திட்ட நினைத்தேன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கேக்கில் ஒரு துண்டு வெட்டி அவரிடமே நீட்டினேன்.

ஆளுநர் அலுவலகத்து இளைஞன் இப்போதும் மரியாதையாகத்தான் பேசினான். "ரெண்டு இடம் காலியா இருந்தா ஒண்ணை மட்டும் நிரப்ப விதி இல்லை மேடம், ரெண்டையும் சேர்த்துத்தான் நிரப்பணும். மேற்கு மாவட்டத்துப் பேர் வந்ததும் சொல்லுங்க."

முதல் பனி விழுந்த வாரம் மார்லிஸ் வந்தாள். இந்தமுறை கூட்டத்துக்கு இல்லை, கூட்டம்தான் இல்லையே. கோட்டைக்கூடக் கழற்றாமல் என் எதிரே உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். தானியக் கிடங்கில் லாரிகளை எடைபோடும் வேலைக்குப் போவதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

"நல்ல சேதி வெல்டா," என்றாள். "ஆத்துக்கு அந்தப் பக்கம், பக்கத்து மாநிலத்துல ஒரு கம்பெனி என்னை எடுத்துக்கிறாங்க. வீட்டை வித்துட்டுப் போயிடப் போறேன். திங்கட்கிழமை சேரணும்."

எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. எழுந்துபோய்க் கட்டிக்கொண்டேன்.

"ஒரே ஒரு வேலைதான். இங்க வழக்கு நிலுவையில இருந்தா அங்க லைசென்ஸ் தரமாட்டாங்களாம். எப்படியோ ஒருவிதமா முடிஞ்சிருந்தாப் போதுமாம். அதான், நானே திருப்பிக் கொடுத்துடலாம்னு கொண்டாந்துட்டேன்." கோட்டுக்குள்ளிருந்து, தன் அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த மரச்சட்டத்தோடு அப்படியே, உரிமச் சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்தாள். "எனக்கு வேண்டாம். எடுத்துக்கோங்க."

நான் அதைத் தொடவில்லை. அவளும் பார்த்தாள், நான் தொடவில்லை என்பதை.

"என்ன?"

"வழக்கு நிலுவையில இருக்கும்போது திருப்பிக் கொடுத்தா நானா வாங்கிக்க முடியாது மார்லிஸ். வாரியம் ஏத்துக்கணும்."

"எந்த வாரியம்?"

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்மேல் எதையாவது விட்டெறிந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"நான் தப்புப் பண்ணலைன்னு சொல்லவும் உங்ககிட்ட ஆள் இல்லை," என்றாள் நிதானமாக. "போய்த் தொலைன்னு சொல்லவும் ஆள் இல்லை. அப்படித்தானே?"

"ஆமாம்," என்றேன்.

சான்றிதழை எடுத்துக்கொண்டாள். வெளியே பனி கனமாக விழுந்ததால் நனைந்துவிடாமல் மறுபடி கோட்டுக்குள் செருகி, பொத்தானைப் போட்டுக்கொண்டு போனாள். இன்றைக்கும் அது அவளுடையதுதான். அதை வைத்து அவளால் ஒரு கோழிக்கூட்டுக்குக்கூட விலை சொல்ல முடியாது.