ரோமில் பனி இருந்தால்

மிஷன் பள்ளி வாத்தியாரான என் வீட்டுக்காரருக்கு நீண்ட விடுமுறையும், ஐரோப்பா போய்வர எங்கள் இருவருக்கும் கப்பல் டிக்கெட்டும் கிடைத்தன. தூண்பாறைக்கு எதிரே அமர்ந்து, மடியில் விரித்த வரைபடத்தில் லண்டன், பாரிஸ், ரோம், இன்னும் வாயில் நுழையாத ஊர்களையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டிருந்தார்.

பாறையை மூடுபனி மறைத்திருந்தது. காரில் வந்த ஒரு குடும்பம் அந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு ஏரிக்குக் கிளம்பியது.

"செத்த நேரம் இருந்தா வெலகிரும். என்ன அவசரமோ," என்று சிரித்தார்.

நான் வரைபடத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பிறகு ரப்பரை எடுத்தார்.

பனி மெல்லப் பிரிந்தது. பாறைகள் வானத்தில் மிதந்தன, மறைந்தன, மறுபடி மிதந்தன. நாங்கள் எழுந்தபோது வரைபடத்தில் ரோம் மட்டும் மிஞ்சியிருந்தது.

"அங்கயும் பனி இருக்குமாங்க?"

"இருந்தா உக்காந்திருப்போம்."